ஆளுக்கொரு வியாதி கண்டுபிடித்த வாத்தியார்

திண்டுக்கல்லில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த ராயப்பராஜுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திடீரென்று மனித மனம் புரிந்துபோனது. 1997 கோடை விடுமுறையில் மதுரையில் நடந்த வழிகாட்டி ஆசிரியர் பயிற்சிதான் காரணம். ஒரு வாரம்கூட முழுதாக நடக்காத பயிற்சி அது. கடைசி நாள் மத்தியானம் பிரியாணி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஓர் அம்மையார் வந்து ஆளுமைக் கோளாறுகளை விளக்கினார். எதற்கும் எதற்கும் என்ன வித்தியாசம், எதை எப்படி அடையாளம் காண்பது என்பதெல்லாம் அந்த வகுப்பில்தான் வந்தது. ராயப்பராஜ் அந்த வகுப்பு முழுக்கக் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார். மேலதிகாரிகள் பேசும் கூட்டங்களில் பழகிப் பழகித் தேர்ந்த வித்தை அது.

விழித்தபோது காதில் தங்கியிருந்தவை இரண்டு பெயர்கள் மட்டும்: ஆன்டி சோஷியல், சைக்கோபாத். மீதியை அவரே நிரப்பிக்கொண்டார். ஆன்டி சோஷியல் என்றால் யாரோடும் ஒட்டாதவன், நல்லது கெட்டதுக்கு வராதவன். சைக்கோபாத் என்றால் பேப்பரில் போடுகிறார்களே, அந்தச் சைக்கோ. தலை பரட்டையாக, கண் சிவந்து, எந்நேரமும் கையை ஓங்கிக்கொண்டு திரிபவன்.

சான்றிதழுக்குச் சட்டம் அடித்து நடுக்கூடத்தில் மாட்டினார். வாசலில் ஒரு பலகையும் ஏறியது: ‘குடும்ப உளவியல் ஆலோசனை. ஞாயிறு பூசைக்குப் பின்.’

முதலில் அகப்பட்டது பக்கத்து வீட்டுப் பெருமாயி. அவள் யாரோடும் பேசுவதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்குப் போனால் மூலையில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவாள். அவள் புருஷன் கருப்பணன் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, குரலைத் தாழ்த்தி, “உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஆன்டி சோஷியல்” என்றார் வாத்தியார்.

கருப்பணன் பதறிப்போய் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். அங்கே பார்த்துவிட்டு, காது மந்தம் என்று சொல்லி ஒரு கருவியை மாட்டி அனுப்பினார்கள். அதற்கப்புறம் பெருமாயி பேசிய பேச்சைத் தெரு தாங்கவில்லை. ராயப்பராஜைப் பற்றியே நிறையப் பேசினாள்.

“பாத்தியா, நம்ம ஆலோசனையில குணமாயிருச்சு” என்று மனைவி ஜோஸ்பினிடம் சொன்னார் ராயப்பராஜ்.

ஜோஸ்பின் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு கல்லை எடுத்து எறிந்தாள்.

அவளுக்கு ஒரே தம்பி, பிராங்க்ளின். அவனைச் சைக்கோ என்று தீர்மானிக்க ராயப்பராஜுக்குப் பயிற்சியே தேவைப்பட்டிருக்காது. பத்து வயதில் அடுத்த வீட்டு ஆட்டை ஓட்டிப்போய்ச் சந்தையில் விற்றவன் அவன். பதிமூன்றில் தன் வகுப்பு வாத்தியாரைக் கல்லால் அடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினான். பிறகு பட்டறை, லாரி, தோல் கிடங்கு என்று போகாத வேலை இல்லை, நிலைத்த வேலையும் இல்லை. எங்கே போனாலும் ஒரு சண்டை, ஒரு பொய், காணாமல் போன ஒரு சாமான். நகரக் காவல் நிலையத்தில் அவனுக்கு உட்கார இடம்கூடக் காட்ட வேண்டியதில்லை. அவனே போய் வழக்கமான மூலையில் குத்தவைத்துக்கொள்வான். லாரி ஓட்டும் லைசென்ஸையும் பிடுங்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். வரும்போது அக்கா மகள் ரூபிக்கு ஏதாவது கொண்டுவருவான். அது எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

“இவன் சைக்கோ. இவன்கிட்ட ரூபி பேச வேணாம்” என்பார் ராயப்பராஜ்.

“மச்சான், கொழம்ப இந்தப் பக்கம் தள்ளுங்க” என்பான் பிராங்க்ளின்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் சார்லஸ் வந்தான். மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. மே மாத வெயிலிலும் டை கட்டுவான். வியர்க்காது. ஊருக்கு வந்த சில மாதங்களிலேயே பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் சேர்ந்து, இளைஞர் குழுவுக்குத் தலைவனாகி, பங்குச் சாமியார் வெளியூர் போனால் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்கு உயர்ந்துவிட்டான். யாரைப் பார்த்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் வீட்டு நோயாளியை விசாரிப்பான். கேட்டவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். பதிலை அவன் கேட்டானா என்று யாரும் கவனித்ததில்லை.

கோவிலில் பல காலமாக ஆர்மோனியம் வாசித்தவர் மிக்கேல்ராஜ். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே போகும், ஆனால் மனிதர் தங்கம். அவர் பூசைக்கு வைத்திருக்கும் திராட்சை ரசத்தைத் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. “அப்பிடியெல்லாம் அவரைச் சொல்லாதீங்க, பாவம், வயசானவரு” என்று எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு வந்தவன் சார்லஸ்தான். அதுவரை கேள்விப்படாத வீட்டிலும் போய்ச் சொன்னான். மிக்கேல்ராஜ் மனசு விட்டுப்போய் விலகிக்கொண்டார். அவருக்கு நடந்த பிரிவு உபசாரத்தில் சார்லஸ் பேசிய பேச்சில் பாதிக் கோவில் அழுதது. ராயப்பராஜ் கைக்குட்டையைப் பிழிந்தார். மிக்கேல்ராஜே அழுதார். அடுத்த ஞாயிறு புது கீபோர்டு வந்தது. வாசித்தது சார்லஸ்.

“உணர்ச்சிச் சமநிலைன்னா இதுதான். எம்புட்டு அழகா மத்தவங்களை அழவச்சான், அவன் ஒரு சொட்டு சிந்தலயே” என்று வியந்தார் ராயப்பராஜ். அந்தக் கணமே மாப்பிள்ளையை முடிவு செய்துவிட்டார்.

ஜோஸ்பினுக்குத்தான் ஒரு சந்தேகம். “ஏங்க, அவருக்கு எத்தன அப்பா?”

“என்ன பேச்சு இது?”

“ஒங்ககிட்ட அவங்கப்பா ஹெட்மாஸ்டருன்னாரு. சாமியாருகிட்ட, நான் அனாதை, மடத்துல வளந்தேன்னிருக்காரு. எங்கிட்ட, அப்பா பட்டாளத்துல செத்துட்டாரு, அம்மா ஊறுகா போட்டு வளத்தாகன்னாரு.”

ராயப்பராஜ் அதைச் சார்லஸிடமே கேட்டார். சார்லஸ் கொஞ்சமும் தடுமாறவில்லை. சிரித்தான். “சார், ஒவ்வொருத்தர் மனசுக்கும் எது ஆறுதலோ அதச் சொல்றேன். ஒங்களுக்கு ஒரு ஹெட்மாஸ்டர் பையன் வேணும்னு தோணுச்சு.” இதைவிட நுட்பமாக உளவியல் தெரிந்த மாப்பிள்ளை எங்கே கிடைப்பான்? 1999 தை மாதம் நிச்சயதார்த்தம் நடந்தது.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் வத்தலக்குண்டில் இளைஞர் மாநாடு. சார்லஸ்தான் சிறப்புப் பேச்சாளன். தலைப்பு: ‘பிறர் துன்பத்தில் பங்கெடுப்பது எப்படி?’ ரூபியை மோட்டார் சைக்கிளில் அழைத்துப்போக வந்து நின்றான். கல்யாணத்துக்கு முன்னால் அப்படி அனுப்பக் கூடாது என்றாள் ஜோஸ்பின். “நம்பிக்கைதான் மனநலத்தோட அஸ்திவாரம்” என்று சொல்லி அனுப்பிவைத்தார் ராயப்பராஜ்.

செம்பட்டி தாண்டி, ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி மிதித்தால் கொள்ளு உதிரும் என்று அந்தப் பக்கத்தில் அப்படிக் காயப்போடுவது வழக்கம். சார்லஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ரூபியின் வலது கால் முட்டிக்குக் கீழே ஒடிந்து திரும்பியிருந்தது.

நடந்ததைப் பார்த்தவள் கொள்ளுக்குச் சொந்தக்காரி சிவனம்மாள். அவன் எழுந்து முதலில் டையைச் சரிசெய்தான். வண்டியை நிமிர்த்தி உதைத்துப் பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“ரூபி, கால ஆட்டாத. மூணு மணிக்கு என் பேச்சு. முடிச்சுட்டு வந்துர்றேன்.”

போய்விட்டான். சிவனம்மாள் ரூபியைத் தூக்கிப் புளியமரத்து நிழலில் கிடத்தி, தண்ணீர் கொடுத்து, வீட்டு நம்பரைக் கேட்டு, டெலிபோன் பூத்துக்கு ஆளை அனுப்பினாள்.

போன் வந்தபோது ராயப்பராஜ் வீட்டில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஜோஸ்பின் செய்தியைச் சொல்லிவிட்டு அப்படியே சுவரோடு சாய்ந்தாள். “பதறாத. சார்லஸ் கூட இருக்கான்ல, பாத்துக்குவான்” என்றார் ராயப்பராஜ். பிராங்க்ளின் எச்சில் கையோடு வெளியே ஓடினான். எதிர் வீட்டு வாசலில் ஆயக்குடிக் கொய்யாக் கூடைகளோடு ஒரு மினி வேன் நின்றது. ஓட்டுநர் சோடா குடிக்கப் போயிருந்தார். சாவி வண்டியிலேயே இருந்தது. வேன் நகரும்போதுதான் என்ன நடக்கிறது என்று ராயப்பராஜுக்கு விளங்கியது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

“ஏலே, இது திருட்டு!”

“ஆமா மச்சான்.”

“லைசென்ஸ் இல்ல ஒனக்கு!”

“ஆமா மச்சான். செத்த நேரம் வாயப் பொத்திக்கிட்டு வாங்க.”

அதற்கு மேல் திட்டலாம் என்று திரும்பியவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிராங்க்ளின் அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லாமல், மூக்கொழுக, கண்ணைத் துடைக்கக்கூட ஸ்டியரிங்கிலிருந்து கை எடுக்காமல். “புள்ளைக்கு எம்புட்டு வலிக்குமோ, எம்புட்டு வலிக்குமோ” என்று முனகிக்கொண்டே வந்தான். ஒரு சைக்கோ இப்படியெல்லாம் செய்யலாமா என்று ராயப்பராஜ் யோசித்தார். அவர் படித்ததில் இது இல்லை. படிக்காத பகுதியில் இருந்திருக்கலாம்.

புளியமரத்தடியில் ரூபியும் சிவனம்மாளும்தான் இருந்தார்கள். சார்லஸ் எங்கே என்று அவர் கேட்டதற்கு, “பேசப் போயிட்டாருப்பா” என்றாள் ரூபி. கொய்யாக் கூடைகளை இடம் மாற்றிப் படுக்க வழி செய்து, திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஸ்ட்ரெச்சர் வரத் தாமதமானது. பிராங்க்ளின் வாட்ச்மேனை ஓர் அறை விட்டான். வாட்ச்மேனுக்குப் பல் ஆடிப்போனது. அந்த ஆளுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் சம்பந்தமே இல்லை. ரூபியை உள்ளே கொண்டுபோகும் வரை பிராங்க்ளின் வாசலில் நின்று விம்மினான். பிறகு வேனை எடுத்துக்கொண்டு போய், கொய்யாவையெல்லாம் கூடையோடு விற்றுவிட்டு, வேனின் டேப் ரிக்கார்டரைக் கழற்றி அதையும் விற்றுவிட்டு, வேனைப் பேகம்பூர்ப் பக்கம் ஓரங்கட்டிவிட்டு மறைந்துபோனான்.

சாயங்காலம் சார்லஸ் வந்தான். கையில் ஆப்பிள். பின்னால் மாநாட்டுக்காரர்கள், ஒரு போட்டோக்காரர். அறை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “எனக்கு விட்டுட்டுப் போக மனசே இல்ல. ரூபிதான், ‘ஜனங்க காத்திருக்காங்க, போய்ப் பேசுங்க’ன்னு அனுப்பிவச்சா. இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பொண்ணா!” வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார்.

“நான் அப்பிடிச் சொல்லல” என்றாள் ரூபி.

“வலியில மறந்திருப்ப” என்று அவள் நெற்றியைத் தடவினான். போட்டோ எடுத்தார்கள்.

கூட்டம் போனபின் ராயப்பராஜ் அவனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். “எப்பிடிப்பா மனசு வந்துச்சு?”

சார்லஸ் அவரை உற்றுப் பார்த்தான். கோபமில்லை, வெட்கமில்லை, பயமும் இல்லை. கணக்கு விளங்காத மாணவனுக்கு இருக்கும் ஒரு சின்னக் குழப்பம் மட்டும் இருந்தது. “கால்தானே சார்? நான் அங்க ஒக்காந்திருந்தா மட்டும் எலும்பு ஒட்டியிருக்குமா? கூட்டம் வீணாப்போயிருக்கும்.” அவன் நடிக்கவில்லை. உண்மையிலேயே கேட்டான். ராயப்பராஜ் உள்ளே போய் ரூபியின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் பிராங்க்ளினைப் பிடித்துவிட்டார்கள். ஜோஸ்பின் சாப்பிடாமல் கிடந்தாள். “மூளை சரியில்லைன்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா கோர்ட்டுல பாத்து விடுவாங்க” என்று ஸ்டேஷனில் யாரோ சொல்ல, ராயப்பராஜ் டாக்டர் கண்ணுசாமியிடம் போனார். பழனிப் பக்கத்துக்காரரான கண்ணுசாமி, திண்டுக்கல்லில் மனநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். பிராங்க்ளினையும் ஒரு பழைய வழக்கில் நீதிமன்றம் சொல்லி அவர் பரிசோதித்திருந்தார்.

“மச்சினன் ஒரு சைக்கோபாத்துன்னு எழுதிக் குடுங்க டாக்டர். நானும் இந்தத் துறைதான்.”

“ஏனுங்க வாத்தியாரே, அப்படிங்களா?” டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். “அந்தத் தம்பி சைக்கோபாத் இல்லீங்களே.”

“பின்ன ஆன்டி சோஷியலா? அவன் எல்லார்கிட்டயும் பழகுவானே.”

“பழகறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க. பொதுவாப் பேப்பர்ல ‘சமூக விரோதி’ன்னு போடறாங்களே, அந்தப் பக்கம் வர்ற சொல்லுங்க அது. ஒருத்தன் சின்ன வயசுல இருந்தே சட்டத்த மீறறான், அடிக்கறான், திருடறான், பொய் சொல்றான், பின்னால என்னாகும்னு யோசிக்கறதில்ல, பெரியவனாகியும் விடல. அவன் என்ன செஞ்சுட்டு வந்திருக்கான்னு நடத்தையப் பாத்துத்தானுங்க அந்தப் பேர வைக்கறோம். உங்க மச்சினனுக்கு அது கச்சிதமாப் பொருந்துது. ஜெயில்ல இருக்கறவங்கள்ல பாதிக்கு மேல பொருந்தும். அதச் சொல்லி வெளிய கொண்டார முடியாதுங்க.”

“அப்ப சைக்கோபாத்?”

“அதுக்கு எங்க புஸ்தகத்துல தனி வியாதின்னு பேரு இல்லீங்க. ஆனா ஆராய்ச்சிக்காரங்க தனியா அளந்து பாக்கறாங்க. அங்க செஞ்ச காரியம் மட்டும் பத்தாது, உள்ள என்ன இல்லைன்னும் பாக்கோணும். குத்த உணர்ச்சி இல்ல, பயம் கம்மி, அடுத்தவன் வலி உறைக்காது. மேலுக்கு நல்லாப் பேசுவான், சிரிப்பான், ஆளுக்குத் தக்கன பொய் சொல்லுவான். ரெண்டும் சேந்தே இருக்கற ஆளும் உண்டுங்க, அவன் ரொம்ப மோசம். ஆனா முதல் வகையில பெரும்பாலானவங்க இந்த ரெண்டாவதுல வர மாட்டாங்க. ரெண்டாவதுல சில பேரு போலீஸ் ஸ்டேஷன் வாசலையே மிதிச்சிருக்க மாட்டாங்க. பேப்பர்காரங்க சொல்ற சைக்கோ, காதுல குரல் கேக்குதுன்னு வர்ற என் நோயாளிங்க, இதெல்லாம் வேற வேறங்க. நீங்க எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டீட்டீங்க.”

ராயப்பராஜ் சார்லஸின் கதையைச் சொன்னார். அப்பாக்கள், ஆர்மோனியம், கொள்ளு, ஆப்பிள் எல்லாம் சொன்னார். “அவனுக்கு எழுதிக் குடுங்க டாக்டர்.”

“பாக்காத ஆளுக்கு நான் பேர் வைக்க மாட்டனுங்க. நீங்களும் வைக்காதீங்க. பொண்ணு வேண்டாம்னு சொல்லறதுக்கு வியாதி பேரு எதுக்குங்க?”

எழுந்தபோது ராயப்பராஜ் கேட்டார்: “அப்ப பிராங்க்ளின் நல்லவன்தானே? அழுதான் டாக்டர்.”

“அழுதாருங்க. வாட்ச்மேன் பல்லையும் ஆட்டுனாரு. கொய்யாவையும் வித்தாரு. அழுததுக்காக மாலை போட்டுக் கூட்டியாந்துராதீங்க.”

கல்யாணத்தை ரூபியே நிறுத்தினாள். கட்டுப்போட்ட காலோடு படுத்தபடியே மோதிரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். சார்லஸ் மோதிரத்தைச் சிரித்தபடி வாங்கிக்கொண்டான். ஒரே வாரத்தில் ஊர் தீர்ப்புச் சொன்னது: நொண்டிப் பெண்ணையும் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்த உத்தமனை வாத்தியார் வீட்டுக்காரர்கள் உதறிவிட்டார்கள். அவர்கள் குடும்பத்தைக் குறை சொல்ல வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சார்லஸ் கேட்டுக்கொண்டான். கம்பெனி அவனுக்கு மேலாளர் பதவி கொடுத்துத் திருச்சிக்கு மாற்றியது. எதற்கும் பதறாத மனிதன் என்று பாராட்டினார்களாம். வழியனுப்பு விழாவில் பாதிக் கோவில் அழுதது. இந்த முறை ராயப்பராஜ் அழவில்லை. வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மிக்கேல்ராஜோடு நின்று, “அண்ணே, மன்னிச்சுக்கங்க” என்றார். எதற்கு என்று மிக்கேல்ராஜ் கேட்கவில்லை.

அதற்காக வாத்தியார் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கொஞ்ச காலத்துக்குச் சிரித்த முகமாக யாரைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம். பிரியாணிக் கடை முதலாளி, ஓட்டுக் கேட்டு வந்தவர், நலம் விசாரித்த சாமியார், எல்லோரும் சைக்கோபாத். “மேலுக்கு நல்லாப் பேசுறான், கவனிச்சியா?” என்பார். “அப்ப நீங்க தப்பிச்சீங்க. ஒங்களுக்கு அந்தக் கோளாறு இல்ல” என்றாள் ஜோஸ்பின். அதற்கப்புறம் ஒருநாள் வாசல் பலகையைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கினார்.

பிராங்க்ளினுக்குத் தண்டனை கிடைத்தது. முடித்துவிட்டு வெளியே வந்ததும் நேரே அக்கா வீட்டுக்கு வந்தான். அதற்குள் ரூபி ஆசிரியர் பயிற்சி முடித்து, லேசாகக் காலைச் சாய்த்து நடந்தபடி, ஒரு பள்ளியில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அவள் நடப்பதைப் பார்த்து அவன் தட்டில் கை வைத்தபடி அழுதான். “மழைன்னா மட்டுந்தான் மாமா கால் குடையும்” என்று அவள்தான் தேற்றினாள். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். வாட்ச்மேன் எப்படி இருக்கிறார் என்று ராயப்பராஜ் கேட்டதற்கு, “எந்த வாட்ச்மேன்?” என்றான். மனசார மறந்திருந்தான்.

அவன் போன பிறகு பார்த்தால் ராயப்பராஜின் சைக்கிளைக் காணோம். ஜோஸ்பின் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஸ்டேஷனுக்குப் போகலாமா வேண்டாமா என்று ராயப்பராஜ் சட்டையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

இரண்டு நாள் கழித்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது.

“மச்சான், சைக்கிள் எங்கிட்டதான் இருந்துச்சு. வித்துட்டேன். கோவமா?”

“கோவந்தான்லே. இருக்காதா?”

“இருக்கும், இருக்கும்.” பஸ் ஹாரன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினான். “இங்க மழை வார மாதிரி இருக்கு மச்சான். ரூபிக்குக் கால் குடையும். உப்ப வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்க, என்ன?”

போன் துண்டிக்கப்பட்டது. ராயப்பராஜ் அவன் வம்சத்தையே வைதார். வைதுகொண்டே அடுப்படிக்குப் போய், உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தேடினார்.